எச்எஸ்சி: பள்ளியில் 88, முடிவில் 81 ஏன்?

எச்எஸ்சி (ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 12ஆம் வகுப்பு முடிவில் தரும் சான்றிதழ்) முடிவில், உங்கள் மகளுக்குப் பள்ளி மதிப்பீட்டில் கிடைத்த 88 ஏன் 81 ஆனது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 88 குறைந்ததற்கு அவர் எழுதிய தேர்வு மட்டும் காரணமில்லை. நியூ சவுத் வேல்ஸில் பள்ளி அனுப்பும் மதிப்பெண் அப்படியே ஏறாது. அந்தப் பாடத்தில் அந்தப் பள்ளி மாணவர் குழு பொதுத்தேர்வில் எடுத்த சராசரிக்கே பள்ளி மதிப்பீட்டின் சராசரியும் கொண்டுவரப்படும். தேர்வில் யார் எடுத்திருந்தாலும், குழுவின் உச்ச மதிப்பெண் மதிப்பீட்டில் முதலிடம் பிடித்தவருக்குப் போகும். வரிசை மட்டும் மாறாது. அதனால் அவருடைய உழைப்பு வீண் இல்லை, பாவம், அதைச் சொல்லுங்கள்.

பள்ளி கொஞ்சம் தாராளமாக மதிப்பெண் போட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. ஸ்டூடன்ட்ஸ் ஆன்லைன் என்ற மாணவர் இணையதளத்தில் அவருடைய தரவரிசையைப் பாருங்கள். எதிர்பார்த்த இடம்தான் என்றால், பள்ளியிடம் முறையிட ஒன்றுமில்லை.

அப்புறம், இறுதி மதிப்பெண் ‘பேண்டு’ எனப்படும் தேர்ச்சி நிலைகளோடும் பொருத்தப்படுகிறது. ஆகவே நீங்கள் கையால் கணக்குப் போட்டால் அச்சொட்டாக வராது.