பக்கத்து மனையில் பள்ளம், என் வீட்டுச் சுவரில் விரிசல்: யார் பொறுப்பு?

கேள்வி: மதுரையில் 1996-இல் கட்டிய என் வீட்டில் குடியிருக்கிறேன். பக்கத்துக் காலி மனையை வாங்கியவர், தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம் கட்டுவதற்காக என் காம்பவுண்டை ஒட்டியே ஜேசிபி விட்டுப் பத்தடி தோண்டினார். அடுத்து வந்த மழையில் காம்பவுண்டு சாய்ந்தது. படுக்கையறைச் சுவரில் விரிசல். கதவைச் சாத்த முடியவில்லை. கேட்டால், "என் இடத்துல தோண்டுனேன், வேணும்னா கான்ட்ராக்டரைக் கேளுங்க" என்கிறார். போலீசில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, அவர் சொல்லும் இரண்டு காரணங்களும் நிற்காது.

முதலில் 'என் இடம்' என்ற வாதம். பக்கத்து மண் தரும் தாங்குதலைப் பெறுவது ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் இயல்பாகவே உள்ள உரிமை என்று 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (வசதியுரிமை) சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. இது வெறும் நிலத்துக்கு. மேலே எழுப்பிய கட்டடத்துக்கும் அந்தத் தாங்குதலை உரிமையாகக் கேட்க, 15-வது பிரிவின்படி அதை 20 ஆண்டுகள் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும். உங்கள் வீடு அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டது. அதனால் கட்டட வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது, பழைய மின்கட்டண ரசீது என்று வீட்டின் வயதைக் காட்டும் எதையும் தேடி எடுத்து வையுங்கள். 20 ஆண்டு ஆகாத வீட்டுக்காரரும் கவனக்குறைவு என்ற அடிப்படையில் வழக்குப் போடலாம். உங்கள் நிலை அதைவிடப் பலமானது.

அப்புறம் கான்ட்ராக்டர். இதே பிரச்சினை 1876-இல் இங்கிலாந்தில் பவர் எதிர் பீட் வழக்கில் வந்தது. கான்ட்ராக்டர் சரியான முட்டுக் கொடுக்காமல் தோண்டியதில் பக்கத்து வீடு சேதமானது. பொறுப்பைக் கான்ட்ராக்டரே ஏற்றுக்கொண்டிருந்தும், வேலை கொடுத்த உரிமையாளர் தப்ப முடியவில்லை. ஆபத்து வரும் என்று தெரிந்த வேலையில், அதைத் தடுக்கும் கடமையை அடுத்தவர் தலையில் கட்டிவிட முடியாது. வழக்கில் இருவரையும் பிரதிவாதியாகச் சேருங்கள்.

இப்போது மிக அவசரமான விஷயம். விரிசலைப் பூசிவிடாதீர்கள்! பூசிவிட்டால் சாட்சியமே போய்விடும். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சுவர் இன்னும் நகர்ந்தால் அந்தக் கண்ணாடி உடையும். சுவர் விழும் நிலை என்றால் உடனே முட்டுக் கொடுங்கள், அந்த அறையில் படுக்காதீர்கள். போட்டோ எடுத்த போனை மாற்றாமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

வக்கீல் நோட்டீசைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஆனால் பள்ளம் இன்னும் திறந்து கிடந்தால், பதிலுக்காகக் காத்திருக்காமல் வழக்குப் போடுங்கள். வழக்கோடு இரண்டு மனுக்கள் போக வேண்டும்: மேற்கொண்டு தோண்டக் கூடாது என்று தற்காலிகத் தடை, இடத்தைப் பார்வையிட அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கும் வக்கீல்). இன்ஜினியரோடு வந்து அளந்து கமிஷனர் தரும் அறிக்கையும் வரைபடமும் இத்தகைய வழக்குகளில் பெரும்பாதி வேலையை முடித்துவிடும் என்பது என் அனுபவம்.

இழப்பீடு, தடை, தடுப்புச் சுவர் கட்டித்தர உத்தரவு மூன்றையும் ஒரே வழக்கில் கேளுங்கள். தடையை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்துக்குப் பிறகு தனியாகப் போனால், ஒரே காரணத்தில் எழும் கோரிக்கைகளைப் பிரித்துக் கேட்கக் கூடாது என்ற சிவில் நடைமுறைச் சட்டத்தின் 2-வது கட்டளை, 2-வது விதி குறுக்கே நிற்கலாம். தொகையை ஊதிப் பெருக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம். 6 லட்சம் கேட்டால் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். இன்ஜினியரின் செலவு மதிப்பீடு, வேறு வீட்டுக்குப் போனால் அந்த வாடகை, இப்படி ரசீதால் நிரூபிக்க முடிந்ததைக் கேளுங்கள்.

காலக்கெடு 3 ஆண்டுகள். அது தோண்டிய நாளிலிருந்து அல்ல, சேதம் ஏற்பட்டதிலிருந்து ஓடும். இருந்தாலும் மழைக்காலம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

அவர் சமரசத்துக்கு வந்தால் மறுக்க வேண்டாம். ஆனால் வாய்ப்பேச்சாக விடாமல், வழக்கு நடக்கும்போதே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும்; அந்தத் தீர்வு கோர்ட்டின் டிகிரி (தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றத்தக்கது. அதில் தடுப்புச் சுவரை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், யார் செலவில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.