குழுவில் பூப்படம் மட்டும்தான் வருகிறது!

கேள்வி: ஓய்வுபெற்ற நண்பர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். ‘காலை வணக்கம்’ படங்கள் குவிந்து போன் நிரம்புகிறது. பேச்சுதான் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பூப்படத்துக்கு என்ன பதில் சொல்ல முடியும்? பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. “சௌக்கியமா?” என்றாலும் ஒரே வார்த்தையில் முடிந்துபோகும். முறை வைத்து, தினமும் ஒருவர் ஒரு கேள்வி போடட்டும். “வத்தக்குழம்புக்கு உங்க வீட்ல சுண்டைக்காயா, மணத்தக்காளியா?” என்று கேட்டுப் பாருங்கள், மதியம்வரை ஓடும்.

தட்டச்சு சிரமம் என்பவர்களுக்குக் குரல் பதிவு இருக்கிறது. மைக் படத்தை அழுத்தியபடியே மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசலாம். பூட்டாமல் விரலை எடுத்தால் பாதிப் பேச்சுதான் போய்ச் சேரும். ஒரு நிமிடத்துக்குள் முடித்தால் எல்லோரும் கேட்பார்கள்.

வீடியோ அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். ஆனாலும் ஆறு பேரோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் குரல்கள் மோதும், காது மந்தமானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள், பாவம். தம்பதியர் ஒரே அறையில் இரண்டு போனில் சேர்ந்தால் எதிரொலி கிளம்பும். ஒரு போனே போதும்.

போன் நிரம்பாமலிருக்க, செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதிக்குப் போய், மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள்.

நண்பர் பெயரில் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி வந்தால், அவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், உங்கள் வாட்ஸ்அப் கணக்கே கைமாறிவிடும். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசுங்கள்.