ஒரு கிளிக் இரண்டாகும் மவுஸ்: பில் இல்லாவிட்டாலும் வாரண்டி கேட்கலாம்

கேள்வி: வயர்லெஸ் மவுஸ் வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக் விழுகிறது. ஓராண்டு வாரண்டி உண்டு, ஆனால் பில் தொலைந்துவிட்டது. “கம்பெனிக்கு அனுப்பினால் இழுத்தடிப்பார்கள், நானே பிரித்துச் சரிசெய்கிறேன்” என்கிறார் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பெரும்பாலான மவுஸ்களில் திருகுகள் அடியில் ஒட்டிய வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே இருக்கும். உரித்தால் தடம் விழும். வாரண்டியை மறுக்க அந்தத் தடமே போதும்.

பட்டனுக்கு அடியிலுள்ள சுவிட்சில் மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. அதன் விறைப்பு தளர்ந்தாலோ தொடுமுனையில் கறை படிந்தாலோ ஒரே அழுத்தத்தில் தொட்டு, விலகி, மறுபடி தொடும். கணினி அதை இரண்டாக எண்ணுகிறது.

ஒரே கிளிக்கில் கோப்பு திறக்கும்படி விண்டோஸில் அமைப்பு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், நீளமான பத்தியை இழுத்துத் தேர்வு செய்யுங்கள். பாதியிலேயே தேர்வு விட்டுப்போனால் சுவிட்ச்தான். புது பேட்டரி போட்டு வேறொரு கணினியிலும் இதைச் செய்து, 20 நொடி வீடியோ எடுங்கள். அடியிலுள்ள வரிசை எண்ணும் அதில் தெரியட்டும்.

பில் விஷயம். இணையத்தில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்திலேயே பில் இருக்கும். கடையில் வாங்கியிருந்தால் நகல் கேளுங்கள். கணினியில் பில் போட்ட கடைக்கு அது பெரிய வேலையில்லை. அதுவும் கிடைக்காவிட்டால் வரிசை எண்ணை வைத்தே கேளுங்கள். தயாரித்த தேதியைக் கொண்டு வாரண்டியைக் கணக்கிடும் நிறுவனங்கள் உண்டு. இதில் ஒரு சிக்கல்: பொருள் கடையில் சில மாதம் தூங்கியிருந்தால், அந்தக் கணக்கில் உங்கள் வாரண்டி இப்போதே முடிந்திருக்கலாம். அப்போது வங்கிக் கணக்கில் அந்தத் தொகை கழிந்த பக்கத்தை அனுப்பி, வாங்கிய நாளிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். மறுத்தால் மேலதிகாரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மவுஸின் அடியில் வரிசை எண் அழிந்திருந்தால் பெட்டியின் பக்கவாட்டில் பாருங்கள். மாடல் எண்ணை வரிசை எண் என்று நினைத்து அனுப்பிவிடாதீர்கள்.

நிறுவனத்தின் சேவைத் தொலைபேசி எண்ணை மட்டும் இணையத்தில் தேடிப் பிடிக்காதீர்கள். தேடலில் முதலில் வருவது விளம்பரம் கொடுத்த போலி ஆளாக இருக்கலாம். தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்கவிடும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்வார், பதிவுக்கட்டணம் என்பார், ஓடிபி கேட்பார். சுவிட்ச் கெட்ட மவுஸுக்கு உங்கள் கணினிக்குள் யாரும் நுழைய வேண்டியதில்லை. வாரண்டி அட்டையிலோ பெட்டியிலோ அச்சிட்ட முகவரிக்கே போங்கள்.

எழுத்தில் புகார் செய்யுங்கள்: மாடல், வரிசை எண், வாங்கிய தேதி, வேறு கணினியிலும் அதே கோளாறு, வீடியோ. இவ்வளவும் முதல் மடலிலேயே இருந்தாலும் “கணினியை அணைத்துப் போட்டீர்களா?” என்று பதில் வரும். படிக்காமல் பதில் அனுப்புவதற்குப் பெயர் வாடிக்கையாளர் சேவையாம்! போட்டாயிற்று என்று எழுதி, புகார் எண்ணைக் கேளுங்கள். வாரண்டி முடிவதற்குள் பதிவானதற்கு அதுதான் சாட்சி.

கடை மூலமாகவே அனுப்புவதென்றால் வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் மவுஸைக் கையைவிட்டு விடாதீர்கள். யூஎஸ்பி ரிசீவரையும் சேர்த்து அனுப்ப வேண்டுமா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ரிசீவரோடு புது மவுஸ் இணையாமல் போவதுண்டு.