2010 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வடக்குத் தமிழர் சரத் பொன்சேகாவுக்கு வாக்களித்தது ஏன்?

விடுதலைப் புலிகளுக்கு எதிரான போரை நடத்திய இராணுவத் தளபதியான பொன்சேகாவுக்கே தமிழர் எப்படி வாக்களித்தார்கள் என்பது நியாயமான கேள்வி. போர் முடிந்து எட்டே மாதங்களில், தமது பதவிக்காலம் முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே, ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச 2010 ஜனவரி 26 அன்று தேர்தலை எதிர்கொண்டார். வெற்றிலைச் சின்னத்தில் அவர் 57.88 சதவீத வாக்குகளுடன் மீண்டும் வென்றார். அன்னச் சின்னத்தில் நின்ற பொன்சேகா 40.15 சதவீதம் பெற்றார்.

ஆனால் யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை தேர்தல் மாவட்டங்களில் பொன்சேகாவே முந்தினார். தமிழ்க் கட்சிகளின் கூட்டணியான தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரை ஆதரித்திருந்தது. இதை அவர் மீதான நம்பிக்கை என்று நான் கருதவில்லை. ஆட்சியில் இருந்தவரை அகற்றுவதற்கு வாக்குச்சீட்டில் வெல்லும் வாய்ப்புள்ள வேறு பெயர் இருக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 26 சதவீத வாக்குகளே பதிவாயின என்பதையும் மறந்துவிடக் கூடாது. போரினால் இடம்பெயர்ந்தோர் பலர் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. வாக்களிக்காமல் இருந்ததிலும் ஒரு கசப்பு இருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம், ஒருவர் இருமுறை மட்டுமே ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பை நீக்கியது. அதன்படி 2015இல் மூன்றாம் முறை போட்டியிட்ட ராஜபக்சவைத் தோற்கடிப்பதில், பெருமளவில் வாக்களித்த வடக்கும் கிழக்கும் பெரும் பங்கு வகித்தன.