ஆல்பத்துக்குச் செலவு செய்தது நான், பாதிப் பங்கு அவனுக்கா?

கேள்வி: நானும் என் நண்பனும் சேர்ந்து 9 பாட்டு கொண்ட ஒரு ஆல்பம் வெளியிட்டோம். 7 பாட்டுக்கு மெட்டு என்னுடையது, வரிகள் அவனுடையவை. மீதி 2 பாட்டுக்கு மெட்டும் அவனே போட்டான். ஸ்டுடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங், அட்டைப்படம் என்று எல்லாச் செலவும் என் சேமிப்பிலிருந்துதான். இப்போது ஸ்ட்ரீமிங்கில் கொஞ்சம் பணம் வர ஆரம்பித்திருக்கிறது. எனக்கு 70, உனக்கு 30 என்றேன். அவன் சரிபாதி கேட்கிறான். இதற்கிடையில், ஒரு பாட்டின் தொடக்க இசை தன்னுடையது என்று கீபோர்டு வாசித்த தோழி சொல்கிறாள். எது நியாயம்? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் 70-30 கணக்கு தப்பு. அவருடைய சரிபாதிக் கணக்கும் தப்பு. ரெண்டு பேரும் வெவ்வேறு பணத்தை ஒரே பணமாக நினைத்து அடித்துக்கொள்கிறீர்கள்.

ஒரு பாட்டு வெளியானால் அதில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று. அதை ஸ்டுடியோவில் பாடி, வாசித்து, மிக்ஸ் செய்து எடுத்த ஒலிப்பதிவு இன்னொன்று. நாளைக்கு வேறொருவர் உங்கள் பாட்டைத் தன் குரலில் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டால், அந்தப் பதிவின் வருமானம் அவருக்குப் போகும், பாட்டை எழுதியதற்கான ராயல்டி மட்டும் உங்கள் இருவருக்கும் வரும். நீங்கள் போட்ட பணம் ஸ்டுடியோவுக்கும் மிக்ஸிங்குக்கும் போனது, அதாவது ஒலிப்பதிவுக்குப் போனது. அது உங்களை எந்த வரிக்கும் சொந்தக்காரர் ஆக்காது. அதேபோல வரி எழுதிய ஒரே காரணத்துக்காக அவர் ஒலிப்பதிவில் பாதி கேட்கவும் முடியாது.

இப்போது உங்கள் கணக்கில் விழும் பணம், ஆல்பத்தை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றிய விநியோக நிறுவனம் அனுப்புவது என்றால், அது பெரும்பாலும் ஒலிப்பதிவுப் பணம். பாட்டுக்கான ராயல்டி வரும் வழி வேறு. எழுதியவர்களும் மெட்டமைத்தவர்களும் தங்கள் உரிமைச் சங்கத்தில், அதாவது அவர்களுக்காக ராயல்டியை வசூலித்துக் கொடுக்கும் அமைப்பில், ஒவ்வொரு பாட்டையும் பங்கு சதவீதத்தோடு பதிவு செய்தால்தான் அது வரும். நீங்கள் ஒரு சதவீதமும் அவர் ஒரு சதவீதமும் எழுதிக்கொடுத்து, கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறது என்றால், தகராறு தீரும்வரை பணத்தை நிறுத்தி வைப்பதுதான் பொதுவான வழக்கம். சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் ரெண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது.

முதலில் ஒலிப்பதிவை எடுத்துக்கொள்வோம். போட்ட காசை முதலில் எடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, அதில் கூச்சப்பட வேண்டாம். செலவு 1000 என்றால், ஒலிப்பதிவிலிருந்து வரும் முதல் 1000 உங்களுக்கு. ஆனால் அந்த 1000 எதையெல்லாம் சேர்த்தது என்று இப்போதே பில்லோடு எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு மூடிவிடுங்கள். ஸ்டுடியோ வாடகை வரும். வாசித்தவர்களுக்குக் கொடுத்த சம்பளம், மிக்ஸிங், மாஸ்டரிங், அட்டைப்படம் எல்லாம் வரும். ஆல்பத்துக்காக வாங்கி இன்னும் உங்கள் வீட்டில் இருக்கும் மைக்கோ கிட்டாரோ வராது, அது உங்கள் பொருள். பிற்பாடு அவரைக் கேட்காமல் நீங்கள் செய்த விளம்பரச் செலவும் வராது. இந்தப் பட்டியலைத் திறந்தே வைத்திருந்தால் செலவு வளர்ந்துகொண்டே போகும், 'முதலில் என் காசு' என்பது முடியவே முடியாது. ஆல்பம் என்றைக்கும் செலவை எடுக்காமல் போனாலும் அவர் உங்களுக்குக் கடன்காரர் இல்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

செலவு திரும்பிய பிறகு? அவர் பாடியிருந்தால், பதிவு நாட்களில் கூட இருந்து உழைத்திருந்தால் அவருக்கும் ஒலிப்பதிவில் பங்கு வேண்டும். நஷ்டம் வந்திருந்தால் முழுக்க உங்கள் தலையில் விழுந்திருக்கும் என்பதால், நான் உங்களுக்கு 60, அவருக்கு 40 என்று வைப்பேன். இதற்குச் சட்டமெல்லாம் கிடையாது, ரெண்டு பேரும் ஒப்புக்கொண்டால் சரி.

பாட்டு உரிமை அப்படி இல்லை. அதில் முதல் காசிலிருந்தே எழுதியவர்களுக்குப் பங்கு, செலவைக் காரணம் காட்டி அதில் கை வைக்கக் கூடாது. வரிக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி என்பது பரவலாக ஏற்கப்பட்ட முறை. ஆக அந்த 7 பாட்டில் 50-50. மற்ற 2 பாட்டில் வரியும் அவருடையது, மெட்டும் அவருடையது. 100 சதவீதமும் அவருக்குத்தான். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நீங்கள் எழுதிய கடிதமே அதைச் சொல்கிறது.

யார் எதை எழுதினார்கள் என்று ஒவ்வொரு பாட்டாக எண்ணுவது வேண்டாம் என்றால் மொத்தத்தையும் சமமாகப் பிரிக்கலாம். தனித்தனிப் பெயரில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த குவீன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு, 1989-ல் வந்த ஆல்பத்தில் எல்லாப் பாட்டையும் குழுவின் பெயரிலேயே வெளியிட்டது. எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்போது யாருக்குக் காசு என்ற யோசனை குறுக்கே வராது. அடுத்த ஆல்பமும் சேர்ந்து செய்வதாக இருந்தால் இதை யோசியுங்கள்.

கீபோர்டு தோழியின் விஷயத்தைச் சின்னதாக நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். ப்ரோகோல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் குழுவின் 1967-ஆம் வருடப் பாட்டு ஒன்றில் ஆர்கன் (கீபோர்டு மாதிரியான வாத்தியம்) வாசித்த மேத்யூ ஃபிஷர், அந்த ஆர்கன் மெட்டு தன்னுடையது என்று 2005-ல் வழக்குப் போட்டார். 2009-ல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவருக்கு இசை உரிமையில் 40 சதவீதப் பங்கை உறுதி செய்தது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு! உங்கள் போனில் அந்தப் பாட்டின் முதல் டெமோ இருந்தால் எடுத்துக் கேளுங்கள். நீங்கள் முனகிக் காட்டியதைத்தான் அவர் வாசித்தாரா, அல்லது நீங்கள் கார்டு (chord, சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு) மட்டும் கொடுக்க அந்தத் துண்டு அவர் விரலில் பிறந்ததா? சொன்னதை வாசித்தார் என்றால் வாசித்ததற்கான சம்பளம் போதும். அவராக உருவாக்கி, அதைக் கேட்டவுடனே ஆளுக்குப் பாட்டு அடையாளம் தெரிகிறது என்றால், அந்த ஒரு பாட்டில் உங்கள் மெட்டுப் பாதியிலிருந்து ஒரு பங்கு கொடுங்கள், 10 சதவீதம் என்றாலும் 15 சதவீதம் என்றாலும் பேசி முடிவு செய்யுங்கள். வரி எழுதியவரின் பாதியிலிருந்து எடுக்காதீர்கள்.

பாட்டுக்கு ஒரு தாள் போதும். பாட்டின் பெயர், ஒவ்வொருவரின் முழுப் பெயர், வரியில் எவ்வளவு, மெட்டில் எவ்வளவு, மொத்தம் 100, தேதி, கையெழுத்து. ஒலிப்பதிவுக்கு மட்டும் தனியாக ஒரு தாள். சினிமாவோ விளம்பரமோ உங்கள் பாட்டைக் கேட்டால் யார் சம்மதம் சொல்வது, எத்தனை நாளுக்குள் சொல்வது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் அதற்குப் பாட்டின் அனுமதியும் வேண்டும், ஒலிப்பதிவின் அனுமதியும் வேண்டும், ஒருவர் போனை எடுக்காவிட்டாலே வாய்ப்பு கைநழுவிப் போகும்.

அப்புறம், நண்பரிடம் பேச உட்காரும்போது செலவுக் கணக்கை முதலில் நீட்டாதீர்கள். அந்த 2 பாட்டிலிருந்து தொடங்குங்கள். அவை முழுக்க உன்னுடையவை என்று நீங்களே சொல்லிவிட்டால், போட்ட காசை முதலில் எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொல்வது அவர் காதில் விழும் விதமே வேறாக இருக்கும்.