ஓய்வுக்குப் பின் வெளிநாட்டுக் கடலோர ஊர்: ஹுவா ஹின் சரிப்படுமா?

ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு வயது 58, மனைவிக்கு 53. ஓய்வூதியமும் வட்டியுமாக மாதம் ஒன்றரை இலட்சம் ரூபாய் வருகிறது. கடல் பக்கத்தில், கையைக் கடிக்காத வெளிநாட்டு ஊர் எது என்பது கேள்வி. ஏற்கெனவே வந்த பதில்களில் பாதி கடற்கரைப் படம், மீதி "ஐம்பதாயிரத்தில் ராஜவாழ்க்கை" என்ற காணொளிக் கணக்கு. அவருக்கு நான் சொல்வது இது: கடலைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விசாவுக்காக முடங்கும் பணம், மருத்துவமனை தூரம், இருவரில் ஒருவர் இல்லாமல் போனால் மற்றவர் நிலை, இந்த மூன்றையும் பார்த்த பிறகு கடலைப் பாருங்கள்.

அப்படிப் பார்த்தால் உங்கள் பணத்துக்கு ஏற்றது தாய்லாந்தின் ஹுவா ஹின். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். மலேசியாவின் பினாங்கு என்று பத்துப் பேர் சொல்வார்கள். தமிழ் பேசலாம், இட்லி கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டவர் நீண்டகாலம் தங்குவதற்கான மலேசியாவின் இரண்டாம் இல்லத் திட்டத்தில் 2024இல் வந்த விதிப்படி 'சில்வர்' பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பு வைக்க வேண்டும், அதோடு 6 இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமல் வீடும் வாங்க வேண்டும். வியட்நாமின் வுங் தாவ் மலிவுதான், ஆனால் ஓய்வு பெற்றவர்களுக்கென்று அங்கே விசா இல்லை. 90 நாள் மின்விசாவை நம்பி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிற வயதா இது? தாய்லாந்திலேயே இருக்கும் ஃபுகெட்டை விட்டது வாடகை அதிகம் என்பதால்.

தாய்லாந்தில் 50 வயது நிரம்பியவருக்கு இரண்டு வழி. ஓ-ஏ (O-A) எனும் நீண்டகாலத் தங்கல் விசாவை ஊரிலிருந்தே ஓராண்டுக்கு வாங்கலாம். ஆனால் அதற்கு 30 இலட்சம் பாட் (தாய்லாந்துப் பணம்) மருத்துவக் காப்பீடு வேண்டும், ஒவ்வொரு நீட்டிப்பிலும் அதைக் கேட்பார்கள். எழுபதைத் தாண்டியவருக்கு அந்தக் காப்பீடு கிடைப்பதே பாடு. அதனால் 90 நாள் ஓ (O) விசாவில் போய், அங்கே ஓராண்டு நீட்டிப்பு வாங்குவதே மேல். இதற்குத் தாய் வங்கியில் 8 இலட்சம் பாட் வேண்டும், நம் பணத்தில் 20 இலட்சத்துக்கு மேல். வைப்புக்குப் பதிலாக மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம் என்பார்கள். ஒன்றரை இலட்சம் அதற்கு எட்டாது.

பலர் சறுக்குவது நாள் கணக்கில்தான். விண்ணப்பிக்கும் நாளன்று பணம் கணக்கில் இரண்டு மாதம் கிடந்திருக்க வேண்டும். விசாவின் 90 நாளில் 85ஆம் நாள் விண்ணப்பித்தால் 25ஆம் நாளுக்குள் பணம் வந்து சேர்ந்தாக வேண்டும். வங்கிக் கணக்குத் திறக்க முகவரிச் சான்று கேட்பார்கள். அது குடிவரவு அலுவலகத்தில் கிடைக்கும், ஆனால் வீட்டுக்காரர் உங்கள் வருகையை டிஎம் 30 படிவத்தில் தெரிவித்திருந்தால்தான். அந்தப் படிவம் போடாத வீட்டுக்காரரிடம் வாடகை எவ்வளவு குறைவானாலும் போகாதீர்கள். விண்ணப்பிக்கும் நாள் காலையில் 100 பாட் போட்டு வங்கிப் புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள், வங்கிக் கடிதமும் அன்றைய தேதியில் இருக்கட்டும். கட்டணம் 1,900 பாட்.

நீட்டிப்பு கிடைத்த பின்னும் மூன்று மாதம் அந்த 8 இலட்சத்தைத் தொடக்கூடாது. பிறகு 4 இலட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, அடுத்த ஆண்டு விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே மறுபடி 8 ஆக்கிவிட வேண்டும். அது செலவுப் பணமே அல்ல, முடங்கிய பணம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்கில் போட்டால் பாதியைத்தான் உங்களுடையதாக எண்ணுவார்கள். உங்கள் தனிப் பெயரில் இருக்கட்டும்.

இனி யாரும் வாய் திறக்காத விஷயம். உங்கள் மனைவிக்குத் தனியாக 8 இலட்சம் தேவையில்லை, உங்களைச் சார்ந்தவராக நீட்டிப்பு வாங்கலாம். மலிவாகத் தெரியும். ஆனால் நீங்கள் கண்ணை மூடினால் அவர் தங்கும் உரிமையும் அதோடு போயிற்று. வங்கி உங்கள் கணக்கை முடக்கும், நீதிமன்ற உத்தரவு வரும் வரை அவரால் ஒரு பாட்டும் எடுக்க முடியாது. கணவரை இழந்த வாரத்தில், மொழி தெரியாத ஊரில், கையில் பணமில்லாமல் குடிவரவு வரிசையில் அவர் நிற்க வேண்டுமா? அவருக்கும் 50 தாண்டிவிட்டது. முடிந்தால் அவர் பெயரில் தனியாக இன்னொரு 8 இலட்சம் வைத்து, அவருக்கென்று தனி நீட்டிப்பு வாங்குங்கள். முடியாவிட்டால் குறைந்தது அவர் பெயரில் ஆறு மாதச் செலவுப் பணம், உங்கள் தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தாய் மொழியில் ஓர் உயில். அபசகுனம் பேசுகிறேன் என்று திட்டுபவர்கள் திட்டட்டும்.

சார்ந்தவர் வழியில் போவதென்றால் திருமணப் பதிவுச் சான்றிதழ் கட்டாயம். நம் தலைமுறையில் பாதிப் பேருக்கு அது கிடையாது, கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும்தான் இருக்கும். இப்போதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். பிறகு வெளியுறவுத் துறை முத்திரை, தாய்லாந்துத் தூதரக முத்திரை, தாய் மொழிபெயர்ப்பு. இதில் கழுத்தறுப்பது இனிஷியல். சான்றிதழில் 'க. முருகேசன்', பாஸ்போர்ட்டில் 'முருகேசன் கந்தசாமி' என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்று எந்த அதிகாரியும் ஊகித்துக்கொள்ள மாட்டார். சான்றிதழ் வாங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் 10 இலட்ச ரூபாயைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 20% வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் மாதக்கணக்கில் பணம் மாட்டிக்கொள்ளும். மார்ச் கடைசியில் ஒரு பத்து, ஏப்ரல் முதலில் ஒரு பத்து என்று அனுப்பினால் பிடிப்பு வெகுவாகக் குறையும். பயணத்தை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொண்டால் 25 நாள் கணக்கும் பொருந்தும். அங்கேயே குடியேறிவிட்டால் இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகச் சேர முடியாது. அதில் போடுவதாக இருந்தால் புறப்படுமுன் வயதுத் தகுதியைப் பார்த்துப் போட்டுவிடுங்கள். ஆண்டில் 180 நாள் தாய்லாந்தில் இருந்தால், 2024 முதல் ஈட்டி அங்கே கொண்டுவரும் வருமானம் அவர்கள் வரிக் கணக்கிலும் வரும். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி வராவிட்டால் உங்கள் பணம் உங்களுடையது இல்லை.

ஊருக்குள் எங்கே? கடற்கரைக்கு இணையாக பெட்காசெம் நெடுஞ்சாலை, அதற்கு மேற்கே ரயில் பாதை. கடலைப் பார்த்த அடுக்ககம் அழகுதான், உப்புக்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி துருப்பிடித்துச் சாகும். நெடுஞ்சாலைக்குக் கிழக்கே, கடலுக்கு அரை கிலோமீட்டர் உள்ளே, லிஃப்ட் உள்ள கட்டடம் போதும். ஒரு படுக்கையறை வீடு ஆண்டு ஒப்பந்தத்தில் 12,000 முதல் 18,000 பாட் வரை. நவம்பர் முதல் மார்ச் வரை பேரம் படியாது, மே மாதத்தில் பேசுங்கள். மின்கட்டணத்தை வாரியத்துக்கு நேரடியாகக் கட்டும் வீடா என்று கேளுங்கள். வாரியத்தில் யூனிட் 4 பாட் சுற்றி இருக்கும், கட்டட நிர்வாகங்கள் 7, 8 என்று வாங்கும். முன்பணம் இரண்டு மாதம்தான்.

இருவருக்கும் வாடகை, மின்சாரம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 45,000 பாட் என்று போட்டுக்கொள்ளுங்கள், மருத்துவம் தனி. ஊரில் தனியார் மருத்துவமனைகளும் அரசு மருத்துவமனையும் உண்டு. பெரிய அறுவை என்றால் பாங்காக், அல்லது சென்னை. இங்குள்ள மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வெளிநாட்டில் செல்லாது, ஆனாலும் அதை விடாதீர்கள். திட்டமிட்ட அறுவைக்கு ஊருக்கு வந்துவிடலாம்.

ஆனால் அப்படி வரும்போது மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு அன்றே ரத்து. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. பேரன் காதுகுத்துக்கு அவசரமாகக் கிளம்பி, திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பவர்கள் நிறைய. பலமுறை அனுமதியை நீட்டிப்பு வாங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிப்பதும் உண்டு, முதல் முறை நேரில், பிறகு இணையத்தில். நேரில் போனால் 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம்.

சைவம் என்றால் கவனம், காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விடுவார்கள். மஞ்சள் கொடியில் 'ஜே' என்று எழுதிய கடையில் மீன் சாறும் இல்லை, பூண்டும் இல்லை. முருங்கை, புளி, தேங்காய், வாழைப்பூ சந்தையில் கிடைக்கும்.

முதல் முறை டிசம்பரில் போகாதீர்கள், டிசம்பரில் எந்த ஊரும் அழகு. அங்கே மழை கொட்டுவது அக்டோபர், நவம்பரில். அக்டோபரில் ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, ஜெல்லி மீன் ஒதுங்கும் கடலில் உங்களால் நடக்க முடிகிறதா, இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனைக்குப் போக வண்டி கிடைக்கிறதா என்று பாருங்கள். அதுவரை இங்குள்ள வீட்டை விற்கவும் வேண்டாம், அங்கே அடுக்ககத்துக்கு முன்பணம் கொடுக்கவும் வேண்டாம்.