மீன்பிடித் தடையும் மையப் பணவீக்கமும்

தம்பி, அமெரிக்காவில் உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டு மையப் பணவீக்கம் என்கிறார்களே, இது ஏமாற்று இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நம் பாம்பனையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வஞ்சிரம் விலை கேட்டால் நீட்டிய கை பின்வாங்கும். ஜூன் நடுவில் படகுகள் இறங்கினால் விலையும் இறங்கும். அதற்காக மத்திய வங்கி வட்டியைக் கூட்டி என்ன பயன்? வாடகை அப்படியில்லை, ஏறினால் லேசில் இறங்காது. மைய அளவு தேடுவது அந்த மாதிரி ஏற்றத்தைத்தான்.

ஆனால் எப்போதும் உணவையே கழிப்பது முரட்டு வழி. 2021இல் அமெரிக்காவில் துள்ளியது பழைய கார் விலை! அது உணவும் இல்லை, எரிபொருளும் இல்லை, மைய அளவிலேயே நின்றுவிட்டது. அதனால் உங்கள் ப்ராஜெக்டில், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பான ஃபெடரல் ரிசர்வின் கிளீவ்லாந்து வங்கி தரும் இடைநிலை அளவையும் சேருங்கள். மாதாமாதம் விலை மாற்றங்களை வரிசையாக்கி நடுவில் நிற்பதை எடுக்கிறார்கள். அப்புறம், ஃபெடரல் ரிசர்வின் 2 சதவீதப் பணவீக்க இலக்கு உணவும் எரிபொருளும் சேர்ந்த முழுப் பணவீக்கத்துக்கு, மையத்துக்கு அல்ல.